கணவர் சூடான் போரில் காணாமல் போனார்: கொழுந்தனார் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. ஊர் கூத்தாநல்லூர் பக்கம். கணவர் சூடானில், கார்ட்டூமுக்கு அருகே ஓர் ஆலையில் வேலை பார்த்தார். 2023 ஏப்ரலில் அங்கே சண்டை தொடங்கியது. மே 2-ஆம் தேதி, ‘போர்ட் சூடானுக்கு பஸ் கிடைத்தால் கிளம்பிவிடுவேன்’ என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். அதோடு சரி. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. மாமனார் 2024 ஜனவரியில் மௌத்தானார் (இறந்தார்). அவர் பேரில் 12 மா நஞ்சை இருக்கிறது. மாமியார், கொழுந்தனார், ஒரு நாத்தனார் இருக்கிறார்கள். ‘அண்ணன் 2023 மே மாதமே குண்டுவீச்சில் இறந்துவிட்டார், எங்களுக்கு இந்த நிலத்தில் பாத்தியதை இல்லை’ என்று எழுதிய பத்திரத்தைக் கொழுந்தனார் கொண்டுவந்து, கையெழுத்துப் போட்டால் 3 லட்சம் தருவதாகச் சொல்கிறார். மறுமணப் பேச்சும் வந்திருக்கிறது. பள்ளிவாசல் பெரியவர் ஒருவர், ‘நாம் ஹனஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று), கணவரின் 90 வயது வரை காத்திருக்க வேண்டும்’ என்கிறார். இன்னோர் இடத்தில் ஒரே வாரத்தில் ஃபஸ்கு (திருமண முறிவு) சான்றிதழ் தருகிறார்களாம். கணவர் எனக்குத் தரவேண்டிய மஹர் (மணக்கொடை) 10 பவுன் இன்னும் வரவில்லை. நான் என்ன செய்வது?

வழக்கறிஞரின் பதில்:

சகோதரி, முதல் வேலையாக அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுமணம், மஹர் எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது. இந்த ஒரு கையெழுத்தைத்தான் போட்டபின் திரும்ப வாங்க முடியாது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

பத்திரத்தில் விஷமான வரி, ‘பாத்தியதை இல்லை’ என்பதல்ல. ‘2023 மே மாதமே இறந்துவிட்டார்’ என்பதுதான். முஸ்லிம் வாரிசு முறையில், தந்தை உயிரோடிருக்கும்போதே ஒரு மகன் இறந்துவிட்டால், இறந்த மகனின் பிள்ளைகள் தந்தையின் இடத்தில் நின்று பாட்டனார் சொத்தில் பங்கு கேட்க முடியாது. பாட்டனாருக்கு வேறு மகன் இருந்தால் அவரே எடுத்துக்கொள்வார். பாகிஸ்தானில் 1961-இல் இதைச் சட்டம் போட்டு மாற்றினார்கள். இந்தியாவில் இன்றுவரை மாறவில்லை. ஆகவே உங்கள் கணவர் மாமனாருக்கு முன்னால் இறந்தாரா, அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தாரா என்பதில்தான் உங்கள் பிள்ளைகளின் நிலம் நிற்கிறது.

கணக்காகவே பார்ப்போம். 12 மா என்பது ஏறக்குறைய 4 ஏக்கர், 400 சென்ட். உங்கள் கணவர் உயிரோடிருக்கிறார் என்று கொண்டால், மாமியாருக்கு எட்டில் ஒரு பங்கு, 50 சென்ட். மீதி 350 சென்டை ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால் உங்கள் கணவருக்கு 140, கொழுந்தனாருக்கு 140, நாத்தனாருக்கு 70. கணவர் தந்தைக்கு முன்பே இறந்தார் என்று கொண்டால் அதே 350 சென்ட் இரண்டு பேருக்குள் போகும்: கொழுந்தனாருக்கு 233 சென்டுக்குச் சற்று மேல், நாத்தனாருக்கு 117-க்குச் சற்றுக் கீழ். உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சென்ட் கூட இல்லை. அந்த ஒரு வரியில் கொழுந்தனாருக்குக் கூடுதலாக வருவது 93 சென்ட், கிட்டத்தட்ட 3 மா. உங்கள் பக்கம் போவது 140. இதற்கு 3 லட்சம் விலையா என்பதை உங்கள் பக்கத்து நஞ்சை விலையை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இன்று உங்கள் பக்கம் இருக்கிறது. கடைசி 30 ஆண்டுக்குள் உயிரோடு இருந்தவர் என்று தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார் என யார் சொல்கிறாரோ, அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் (பாரதிய சாக்ஷ்ய அதினியம் 110-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தில் 107). குண்டுவீச்சில் இறந்தார் என்றால் உடல் எங்கே, மரணச் சான்று எங்கே என்று கொழுந்தனாரைத்தான் கேட்பார்கள். அவரிடம் அது இல்லை. அதனால்தான் உங்கள் வாயால் அதை எழுதி வாங்கப் பார்க்கிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் சொத்து உரிமையை எழுதிக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது. முஸ்லிம் சட்டத்தில் மைனரின் சொத்துக்குத் தாய் இயல்பான காப்பாளர் அல்ல. நீதிமன்றம் நியமித்தால்தான் உண்டு. இது பெண்ணுக்குப் பாதகமான விதிதான், ஆனால் இந்த இடத்தில் உங்களுக்கு உதவுகிறது: பிள்ளைகளுக்காக நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது என்று யாரிடமும் தைரியமாகச் சொல்லலாம். விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பொருந்தாது என்று யாராவது குழப்பினால் நம்பாதீர்கள். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இருந்தது உண்மை. சென்னை மாகாணத்தில் 1949-இல் செய்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. நாத்தனாரின் 70 சென்டும் அதனால் உறுதி. அவரையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம், கவனமாக. ஏனென்றால் அந்த வரியால் அவருக்கும் 46 சென்டுக்கு மேல் கூடுகிறது.

மனம் மட்டும் போதாது, காகிதம் வேண்டும். மாமனாருக்கு வாரிசுச் சான்று வாங்கிவிட்டார்களா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அதில் உங்கள் கணவர் பெயர் உயிரோடுள்ள மகனாக இருக்க வேண்டும். விட்டிருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அங்கே கேட்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. பட்டா மாறினால் கூட்டுப் பட்டாவாக, கணவர் பெயரோடு மாற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சார்பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேப மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நெல் கொள்முதல் நிலையத்துக்காக கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் அடங்கலில் கொழுந்தனார் பெயர் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். அடங்கல் யார் சாகுபடி செய்கிறார் என்றுதான் சொல்லும், யாருடைய நிலம் என்று சொல்லாது.

இன்றைக்கே பாகம் கேட்டு உங்கள் பெயரில் வழக்குப் போடலாமா என்றால், தடுக்கி விழும் இடம் அது. கணவர் உயிரோடிருப்பதாகச் சட்டம் கொள்வதால் பங்கு அவருடையது. உங்களுடையதோ பிள்ளைகளுடையதோ அல்ல. ஆனால் மாமியாரோ நாத்தனாரோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, காணாமல் போனவரையும் ஒரு தரப்பாகச் சேர்த்தால், நீதிமன்றம் அவர் பங்கைத் தனியே ஒதுக்க முடியும். மாமியாரிடம் பேசிப் பாருங்கள். மகனை இறந்தவனாக எழுத எந்தத் தாய்க்கும் மனம் வராது. தவிர, பேரப் பிள்ளைகள் அவருக்கு வாரிசாகாத நிலை வந்தாலும், தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் (உயில்) எழுத அவருக்கு மார்க்கமே இடம் தருகிறது. உயிரோடிருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) கொடுத்தால் அந்த வரம்பும் இல்லை. ஆனால் ஹிபா நிற்க, கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, பெறுகிறேன் என்ற ஏற்பு, கைவசம் ஒப்படைப்பு மூன்றும் வேண்டும். எழுதிப் பதிந்துவிட்டு நிலத்தைத் தானே வைத்திருந்து, பிறகு உடைந்துபோகும் ஹிபாக்கள்தான் அதிகம்.

இனி திருமணத்துக்கு வருவோம். இங்கே இரண்டு தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றன. சொத்துக்காக ஒருவரை இறந்தவராகக் கருத 7 ஆண்டு. திருமணத்திலிருந்து விடுபட அதைவிடக் குறைவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு 7 ஆண்டு காத்திருந்து இளமையை இழந்த பெண்களும் உண்டு, விடுதலை வேண்டுமென்று அவசரத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதிக்கொடுத்து நிலத்தை இழந்தவர்களும் உண்டு.

பள்ளிவாசல் பெரியவர் சொன்ன 90 வயது பழைய ஹனஃபி கருத்துதான், அவர் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. காணாமல் போனவரின் மனைவிக்கு 4 ஆண்டு என்பது இன்னொரு சட்ட மரபான மாலிகி மத்ஹபின் நிலை. கலீஃபா உமர் அவர்களின் தீர்ப்பை ஒட்டியது. 1931-இல் ஹனஃபி ஆலிமான (மார்க்க அறிஞரான) அஷ்ரஃப் அலி தானவியே மதீனாவின் மாலிகி முஃப்திகளிடம் கருத்துக் கேட்டு, தேவைப்படும் பெண்கள் அதைப் பின்பற்றலாம் என்ற வழியைத் திறந்தார். விடுபட வேறு வழியில்லாமல் பஞ்சாபில் பெண்கள் மதம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. காஷ்மீரிலும் கணவர் காணாமல் போன பெண்களுக்கு 2013 டிசம்பரில் உலமாக்கள் கூடி 4 ஆண்டு என்றே முடிவு சொன்னார்கள். பெரியவரிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம்.

அந்த 1939 சட்டத்தின் 2-ஆம் பிரிவில் உங்களுக்குப் பொருந்துவன இரண்டு. ஒன்று, 4 ஆண்டாகக் கணவர் இருக்குமிடம் தெரியாமை. கடைசிச் செய்தி 2023 மே 2 என்பதால் இது 2027 மே 2-இல் நிறைகிறது. மற்றொன்று, 2 ஆண்டாக மனைவியைப் பராமரிக்கத் தவறியது. இது 2025 மே மாதத்திலேயே நிறைந்துவிட்டது. ‘அவர் வேண்டுமென்றா விட்டார், போர் அல்லவா காரணம்’ என்று உங்களுக்கே தோன்றும். சட்டம் குற்றத்தைக் கேட்கவில்லை, தவறியதைத்தான் கேட்கிறது. கேரள உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1970-இல் தந்த தீர்ப்பு இந்தப் பார்வைக்கு வலுச் சேர்க்கும். எல்லா உயர்நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை என்பதால் உங்கள் வழக்கறிஞர் இதை விரிவாக வாதிட வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பராமரிப்புக் காரணத்தில் தீர்ப்பு வந்தால் உடனே அமலாகும். காணாமல் போன காரணத்தில் தீர்ப்பு வந்தாலும் 6 மாதம் நிறுத்திவைக்கப்படும். அதற்குள் கணவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ வந்து, குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு ரத்தாகும். ஆனால் பராமரிப்புக் காரணத்தில் ஒரு பலவீனம் உண்டு. இருக்குமிடம் தெரியாதவருக்கு சம்மன் எப்படிச் சேரும்? நாளிதழ் விளம்பரம் மூலம் அறிவிப்புக் கொடுத்து, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகத்தான் முடியும். நாளைக்கு அவர் வந்து ‘எனக்கு அறிவிப்பே வரவில்லை’ என்றால் தீர்ப்பு ஆட்டம் காணலாம். காணாமல் போன காரணத்துக்குச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே முறை வகுத்திருக்கிறது. கணவர் இன்று இறந்தால் யார் வாரிசுகளோ அவர்கள் பெயர், முகவரியை மனுவில் காட்டி அறிவிப்பு அனுப்ப வேண்டும். கணவரின் சகோதரரையும் தந்தையின் சகோதரரையும், வாரிசாக இல்லாவிட்டாலும், தரப்பாகச் சேர்க்க வேண்டும். கொழுந்தனார் நீதிமன்றம் வந்தே ஆக வேண்டும். அங்கே அவர் ‘அண்ணன் எங்கே இருக்கிறார் என்று தெரியாது’ என்று எழுதிக்கொடுத்தால், அது உங்கள் நிலத்துக்கும் சேர்த்து நல்ல சாட்சியம்.

என் யோசனை: மறுமணப் பேச்சு உறுதியில்லை என்றால் 2027 மே வரை பொறுத்து இரண்டு காரணங்களையும் சேர்த்து மனுப் போடுங்கள். அவசரம் என்றால் இப்போதே பராமரிப்புக் காரணத்தில் போடலாம். ஆனால் 3-ஆம் பிரிவு கேட்கும் அந்த அறிவிப்புகளையும் கூடவே கொடுத்துவிடுங்கள். மனுவில் எந்த இடத்திலும் ‘இறந்த’ என்ற சொல் வரக்கூடாது. தட்டச்சுப் பிரதியை வரிவரியாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இதில் ஓர் இழப்பு உண்டு, மறைக்க மாட்டேன். திருமணம் முறிந்த பிறகு கணவர் இறந்ததாக முடிவானால் நீங்கள் அவருடைய விதவை அல்ல. அவர் சொத்தில் விதவைக்குரிய எட்டில் ஒரு பங்கு கிடைக்காது. அந்த 140 சென்டில் அது 17½ சென்ட். பிள்ளைகளின் பங்கு போகாது. உங்களுக்கு 31 வயது, மறுமணம் மனதில் இருக்கிறது. 17½ சென்டுக்காக 2030 வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். வேறு பெரிய சொத்து கணவர் பேரில் இருந்தால் கணக்கு மாறும்.

ஒரு வாரத்தில் கிடைக்கும் ஃபஸ்கு தாளை வாங்காதீர்கள். ஷரீஅத் கவுன்சில் போன்ற தனி அமைப்புகள் தரும் விவாகரத்துச் சான்றிதழ் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஃபத்வா யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொன்னது. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால், முதல் திருமணம் சட்டத்தில் நிற்கும்போது செய்த இரண்டாவது திருமணமாகிவிடும். அது செல்லாது, குற்ற வழக்குக்கும் இடமுண்டு. நீதிமன்றத் தீர்ப்பை மார்க்கப்படி ஃபஸ்காக ஏற்கலாமா என்று சில ஆலிம்களுக்குத் தயக்கம் உண்டு. உங்களுக்கோ வரப்போகும் குடும்பத்துக்கோ அந்த உறுத்தல் இருந்தால், தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு போய் காஜியாரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வரிசை முக்கியம்: முதலில் நீதிமன்றம், பிறகு காஜியார். தீர்ப்பு அமலுக்கு வந்த நாளிலிருந்து இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்). மரண இத்தாவான 4 மாதம் 10 நாளை இதற்குப் போடாதீர்கள். இது முறிவுக்கான இத்தா, மூன்று மாதவிடாய்க் காலம்.

மஹர் உங்களுக்குக் கணவர் பட்ட கடன். திருமண முறிவால் அது போகாது என்று 1939 சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) 10 பவுன் பாக்கி என்று எழுதியிருக்கும் பக்கத்துக்கு ஜமாஅத்தில் முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். முறிவிலிருந்து 3 ஆண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கும் முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பதால், கணவர் பங்கு எப்போது பிரிந்தாலும் மஹர் அதில் முன்னால் நிற்கும். 17½ சென்ட் போனாலும் இது இருக்கிறது.

அடுத்தது 7 ஆண்டுக் கடிகாரம். இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியவர்கள் 7 ஆண்டாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சுமை மாறும் (பாரதிய சாக்ஷ்ய அதினியம் 111-ஆம் பிரிவு). அது 2030 மே மாதம். அப்போதும் நீதிமன்றம் அவரை இறந்தவராகக் கருதுமே தவிர, எந்த நாளில் இறந்தார் என்று தானாக முடிவு செய்யாது. இந்தத் தேதியில் இறந்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதனால்தான் வாரிசுச் சான்றிலும் பட்டாவிலும் கணவர் பெயரை 2030-க்கு முன்பே ஏற்றிவிடச் சொல்கிறேன். எல்ஐசி பாலிசி இருந்தால் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். கோரிக்கை வைக்கும் நாளில்தான் மரணம் கருதப்படும், இடையில் கட்டாத பாலிசி காலாவதி என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் எல்ஐசி வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது.

இலங்கையில் போரில் காணாமல் போனோர் குடும்பத்துக்கு ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ தர 2016-இல் சட்டம் வந்தது. இறந்ததாக ஒப்புக்கொள்ளாமலே அலுவல்களைப் பார்க்க அது உதவும். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே ஆதாரத்தை நீங்களேதான் சேர்க்க வேண்டும். உள்ளூர் காவல் நிலையத்தில் ஆள் காணவில்லை என்று புகார். ‘சூடான் எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் கடவுச்சீட்டு எண்ணோடு புகார். கார்ட்டூமிலிருந்த இந்தியத் தூதரகம் போர் தொடங்கியபின் போர்ட் சூடானுக்கு மாறியது, அங்கும் மின்னஞ்சல். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு மனு. இந்திய செஞ்சிலுவைச் சங்கம் வழியாக பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தேடல் விண்ணப்பம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிறையிலோ முகாமிலோ இருப்பவர் வெளிப்படும் வழிகளில் இது ஒன்று. இந்திய அரசின் மீட்புப் பணியான ஆபரேஷன் காவேரியில் சூடானிலிருந்து 3,862 பேர் மீட்கப்பட்டார்கள். அந்தப் பட்டியலிலோ கப்பல், விமானப் பதிவிலோ அவர் பெயர் உண்டா என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘தகவல் இல்லை’ என்ற ஒருவரிப் பதிலும் உங்களுக்குச் சாட்சியம்தான். ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

மாமியாரின், பிள்ளைகளின் டிஎன்ஏ மாதிரி கேட்டால் கொடுங்கள். 2014-இல் ஈராக்கின் மொசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியர்கள் ஏறக்குறைய நான்கு ஆண்டு ‘காணவில்லை’ பட்டியலில்தான் இருந்தார்கள். 2018-இல் டிஎன்ஏ பொருத்தம் வந்த பிறகே மரணம் உறுதியானது. உங்கள் விஷயத்தில் அப்படி ஒரு செய்தி வந்தால் மரணத் தேதியாக எதைப் பதிகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

அந்தக் குரல்பதிவு இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி ஏற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்று தர வேண்டும், மூலக் கருவி இருந்தால் அது எளிது. கடைசியாகப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் வேண்டும். 2 ஆண்டுப் பராமரிப்புக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். கணவரின் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? நீங்களோ கொழுந்தனாரோ அதில் பணம் எடுத்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். கணக்கில் நடமாட்டம் இருந்தால் ‘ஆள் உயிரோடுதான் இருக்கிறார், பணமும் தருகிறார்’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். இரண்டு கடிகாரமும் அதில் நின்றுபோகும்.

பையனுக்கு 7 வயதானால் எடுத்துக்கொள்வோம் என்று யாராவது மிரட்டினால், ஹனஃபி முறையில் அந்த வயதுக் கணக்கு இருந்தாலும், நீதிமன்றம் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி பிள்ளையின் நலனைத்தான் முன்னால் வைக்கும். மறுமணம் செய்தால் கேள்வி எழும். அதற்கு முன்பே காப்பாளர் மனுவைப் போட்டுவிடுவது நல்லது.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். தொலைபேசி எண் 15100. திருவாரூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் பற்றியும் விசாரியுங்கள். போகும்போது நிக்காஹ் பதிவு நகல், கணவரின் கடவுச்சீட்டு நகல், விசா அல்லது வேலை ஒப்பந்தம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மாமனாரின் மரணச் சான்று, நிலத்தின் சிட்டா, அந்தப் போன் எல்லாம் கையில் இருக்கட்டும். கொழுந்தனார் கொண்டுவந்த பத்திரத்தை அவர் கண் முன்னாலேயே படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் தேதியும் எழுத்தரின் பெயரும் பிறகு தேவைப்படும்.